3.1 சதவீதம் என்றார்கள், ஒரே வாரத்தில் பூஜ்யம் என்றார்கள். நிஜமாகவே ஒரு கல் வந்தால்?

#1 மேசைவிளக்கு

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த சந்தேகம். 2025 ஜனவரி கடைசியில் 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள் செய்திகளில் அடிபட்டதே, ஞாபகம் இருக்கிறதா? 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோத ஒரு சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்றார்கள். அப்புறம் இரண்டு சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி 18 அன்று 3.1. அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகள், 2032-ல் தனக்கு என்ன வயது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ காலேஜ் முடிச்சிருப்பேன்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 24-ல் பார்த்தால் 0.004 சதவீதம். அவள் "அப்பாடா" என்று போய்விட்டாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஏறிக்கொண்டே போன எண் ஒரே வாரத்தில் எப்படிக் கவிழும்? முதலில் சொன்னது தப்பா, கடைசியில் சொன்னது தப்பா?

இன்னொன்று. அது பூஜ்யம் ஆகாமல் 30, 60, 100 என்று போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? தெரிந்தவர்கள் விளக்குங்கள். எனக்கு இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி.


#2 சந்தேகி

எண் ஏறினால் பயம் ஏறும், பயம் ஏறினால் நிதி ஏறும். பட்ஜெட் நேரத்தில் மட்டும் கல் கிளம்பி வரும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?


#3 கணக்குப்பிள்ளை

சந்தேகி, வழக்கம்போல முதல் ஆளாக வந்துவிட்டீர்கள். வாழ்க.

மேசைவிளக்கு, இரண்டு எண்ணுமே தப்பில்லை. ஒரு நீளமான கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2032 டிசம்பர் 22 அன்று அந்தக் கல் அந்தக் கயிற்றில் ஏதோ ஓரிடத்தில் இருக்கும், எந்த இடம் என்று தெரியாது. கயிற்றின் மேல் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதுதான் பூமி. மோதலுக்கான வாய்ப்பு என்பது மொத்தக் கயிற்றில் தீப்பெட்டிக்கு அடியில் இருக்கும் பங்கு எவ்வளவு என்பதுதான்.

ஒவ்வொரு இரவும் புதிதாக அளக்க அளக்க, கல் இருக்க முடியாத பகுதியைக் கயிற்றின் இரு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டே வருகிறார்கள். கயிறு குட்டையாகிறது, தீப்பெட்டி அதே அளவுதான். அதன் பங்கு கூடத்தானே செய்யும்? 1 சதவீதம் 2 ஆவதும் 3 ஆவதும் இப்படித்தான். ஆபத்து கூடவில்லை, கயிறுதான் சுருங்கியது. ஒருநாள் கத்தரிக்கோல் தீப்பெட்டியையும் தாண்டி வெட்டிவிடும். அன்றைக்கு எண் தடாலென்று விழும். பிப்ரவரி மூன்றாம் வாரம் நடந்தது அதுதான்.

2004 டிசம்பரில் அப்போஃபிஸ் என்ற சிறுகோள் விஷயத்திலும் இதே கதை. 2029 ஏப்ரல் 13-ல் மோத 2.7 சதவீதம் வரை போனது. சில நாளிலேயே பழைய படங்களில் அந்தக் கல் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, கணக்கு போட்டு, 2029-ஐக் கழற்றிவிட்டார்கள். 2021-ல் ரேடார் அளவீட்டுக்குப் பிறகு அடுத்த நூறு ஆண்டுக்கும் கவலை இல்லை என்று ஆனது.

ஒரு சதவீதம் தாண்டியதும் ஊரைக் கூட்டியது ஏன் என்றால், அது யாரோ ஒருவர் நினைத்துக்கொண்டு செய்த வேலை இல்லை. சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பின் விதி அது. 10 மீட்டருக்கு மேல் பெரிய கல், ஒரு சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்றால் அறிவித்தே ஆக வேண்டும். 50 மீட்டருக்கு மேல் என்றால், ஐ.நா. பரிந்துரையில் உருவான இன்னொரு குழு, விண்வெளித் திட்ட ஆலோசனைக் குழு, என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பிக்க வேண்டும். விதி எழுதி வைத்தபடி வேலை செய்தார்கள், செய்திக்காரர்கள் தலைப்பு போட்டார்கள்.


#4 மேசைவிளக்கு

ஐயா, தீப்பெட்டி உதாரணத்தை அப்படியே மகளிடம் சொன்னேன். "அப்போ தீப்பெட்டி கயிற்றிலேயே இருந்து, கயிறு தீப்பெட்டி அளவுக்கே வந்துட்டா?" என்றாள். பதில் இல்லை.

இன்னொரு சந்தேகம். 2024 டிசம்பர் 27-ல்தான் கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு, 25-ஆம் தேதி, அது நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. வரும்போது பார்க்காமல் போகும்போது பார்த்தது ஏன்?


#5 இரவுவானம்

இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். நான் தொழிலால் வானியலாளர் இல்லை. ஆனால் மூன்று வருடமாக மாணவர்களோடு சேர்ந்து சிறுகோள் தேடும் திட்டத்தில் படங்கள் பார்க்கிறேன். சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களை இலவசமாக அனுப்புவார்கள்.

வேலை எப்படி என்று சொல்கிறேன். வானத்தின் ஒரே துண்டை, சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் வரும். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் நான்கையும் அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறிக் காட்டச் சொல்ல வேண்டும். நட்சத்திரங்கள் அசையாது. அந்த மணல் இறைத்த மாதிரியான கூட்டத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் டிக், டிக், டிக் என்று நான்கு எட்டு வைக்கும். நேர்கோட்டில், சமமான இடைவெளியில், மாறாத வெளிச்சத்தில். முதல் தடவை பார்த்தபோது கை சில்லிட்டுவிட்டது. ஆனால் நான் குறித்த புள்ளிகளில் பாதிக்கு மேல் கேமராவின் கோளாறுதான். சூடான பிக்சல் என்பார்கள். நிஜக் கல்லின் வெளிச்சம் நடுவில் உயர்ந்து ஓரத்தில் வழிந்து மணல்மேடு மாதிரி இருக்கும், கோளாறு குத்தூசி மாதிரி நிற்கும்.

இப்போது உங்கள் கேள்வி. இந்த வேலை எல்லாமே இரவு வானத்தில் மட்டும்தான் நடக்கும். சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வரும் கல்லை எந்தத் தரைத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது. 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க். 20 மீட்டர் அளவுள்ள கல், விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகம், சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கே வேறொரு சிறுகோள் 27,700 கிலோமீட்டரில் கடந்துபோகும் என்று ஒரு வருடம் முன்பே தெரிந்து, எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். வாசலில் விருந்தாளிக்குக் காத்திருக்க, கொல்லைப்புறமாக வேறு ஆள் நுழைந்த கதை.

வெளிச்சத்தை மட்டும் வைத்து அளவும் சொல்ல முடியாது. கரி மாதிரிக் கறுத்த பெரிய கல்லும், வெளுத்த சின்னக் கல்லும் தொலைநோக்கியில் ஒரே மாதிரி தெரியும். ஒய்.ஆர்.4 முதலில் 40 முதல் 90 மீட்டர் என்று இழுத்தது அதனால்தான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்த பிறகே 60 மீட்டர் பக்கம் என்று ஆனது. இதற்கென்றே நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியை நாசா தயார் செய்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நிறுத்தி, தரையிலிருந்து எட்டாத பகுதிகளைத் துழாவுவது திட்டம். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டபோது, பத்து மணி நேரச் சொச்சம் பார்த்ததிலேயே 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டியது. அதில் 7 பூமிக்கு அருகே வருபவை (எதுவும் மோதாது, சந்தேகி).


#6 சந்தேகி

சரி அக்கா, கண்டுபிடிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? ஒரு அணுகுண்டை வைத்துத் தூள் தூளாக்கிவிட வேண்டியதுதானே. ஆயிரக்கணக்கில் குண்டு சும்மா கிடக்கிறது. ஒன்றாவது உருப்படியாகப் பயன்படட்டும்.


#7 சரளைக்கல்

சினிமாவில் அப்படித்தான். என் பெயரே இந்தக் கேள்விக்குப் பதில்.

சிறுகோள் என்றால் ஒற்றைப் பாறை என்று நாம் கற்பனை செய்கிறோம். நேரில் போய்ப் பார்த்தவற்றில் பல அப்படி இல்லை. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005-ல் இட்டோகாவா என்ற சிறுகோளில் பார்த்தது சரளைக் குவியல். 2020 அக்டோபரில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் மண் எடுக்க பென்னு என்ற சிறுகோளைத் தொட்டபோது நடந்தது இன்னும் விசித்திரம். தரை தாங்கவே இல்லை. விண்கலத்தின் கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. உந்துகருவியை இயக்கி மேலே கிளம்பாமல் இருந்தால் முழுக்க அமிழ்ந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். பிளாஸ்டிக் பந்துகளை நிரப்பிய தொட்டிக்குள் குழந்தை குதித்தால் எப்படி இருக்கும், அப்படி. 490 மீட்டர் அகலம், உள்ளே நிறைய வெற்றிடம், லேசான ஈர்ப்பு மட்டும் பிடித்து வைத்திருக்கிறது.

இதை உடைத்தால் என்ன ஆகும்? சரியாக உடையாவிட்டால் ஒரு தோட்டாவுக்குப் பதில் சிதறு குண்டுகள் வரும். மெதுவாகப் பிரிந்த துண்டுகள் தங்கள் ஈர்ப்பாலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். அதனால் உடைப்பது கடைசி வழி. தள்ளுவதுதான் முதல் வழி. அணு ஆயுதமே பயன்படுத்தினாலும் உள்ளே வைக்க மாட்டார்கள், தள்ளி நிறுத்தி வெடிப்பார்கள். எக்ஸ் கதிர் பட்டு மேற்பரப்பு ஆவியாகிப் பீய்ச்சும், அந்த உதைப்பில் கல் எதிர்ப்பக்கம் நகரும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் சிறு கல் துணுக்குகளை எக்ஸ் கதிரால் சுட்டு இதைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டது. நிஜக் கல்லில் யாரும் செய்து பார்த்ததில்லை. விண்வெளியில் அணு வெடிப்பை 1963 ஒப்பந்தம் தடுக்கிறது, சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் வைப்பதை 1967 ஒப்பந்தம் தடுக்கிறது.

செய்து பார்த்தது ஒன்றே ஒன்று: கல்லின் மேல் மோதவிட்ட நாசாவின் டார்ட் விண்கலம். அன்றிரவு நேரலையில் பார்த்தேன். 2022 செப்டம்பர் 26 (நம் பக்கம் 27 விடிகாலை). பூமியிலிருந்து 1.1 கோடி கிலோமீட்டர் தூரம். இலக்கு டிமார்ஃபோஸ், சுமார் 150 மீட்டர். டிடிமோஸ் என்ற 780 மீட்டர் சிறுகோளைச் சுற்றி வரும் குட்டி. மோதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை டார்ட்டின் கேமராவுக்கே அந்தக் குட்டி தனியாகத் தெரியவில்லை. கடைசி நான்கு மணி நேரம் விண்கலம் தானாகவே ஓட்டிக்கொண்டது. புள்ளி உருண்டை ஆனது, உருண்டை முட்டை ஆனது, முட்டையின் மேல் பாறைகள் தெரிந்தன, பாறைகள் திரையை நிரப்பின. கடைசிப் படம் மேலே ஒரு கீற்று மட்டும் வந்து நின்றுவிட்டது. மீதியை அனுப்ப ஆள் இல்லை.

முன்பு 11 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்த குட்டி, அடி வாங்கிய பிறகு 33 நிமிடம் சீக்கிரமாகச் சுற்ற ஆரம்பித்தது. 73 விநாடி மாறினாலே வெற்றி என்று குறி வைத்திருந்தார்கள்.


#8 கணக்குப்பிள்ளை

சரளைக்கல் தம்பி சொன்ன 33 நிமிடத்தைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். அது குட்டி பெரியதைச் சுற்றும் நேரம். குட்டியின் வேகம் மாறியது விநாடிக்கு 2.7 மில்லிமீட்டர்தான். எறும்பு இதைவிட வேகமாகப் போகும்.

ஆனால் இந்தத் துறையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. பூமி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: தன் உடம்பளவு தூரத்தை ஏழு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஆக, கல்லை எங்கேயோ விரட்ட வேண்டாம். சந்திப்புக்கு ஏழு நிமிடம் தாமதமாக வர வைத்தால் போதும், பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு வந்த ஆள் மாதிரி நின்றுவிடும்.

ஏழு நிமிடத் தாமதத்துக்கு எவ்வளவு தள்ள வேண்டும்? அது எப்போது தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்தது. பத்து வருடம் முன்பு விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தை மாற்றினால், நேர்க்கணக்கில் 3,150 கிலோமீட்டர் விலகும். கல் ஓடும் திசையிலேயே தட்டினால் சுற்றுப்பாதையே மாறுவதால், வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து ஏறத்தாழ மூன்று மடங்காகும். 9,000 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் ஆரம் 6,371. தப்பித்தோம். இதே தட்டை ஒரு வருடம் முன்பு கொடுத்தால் ஆயிரம் கிலோமீட்டர்கூட வராது. ஒரு மாதம் முன்பு என்றால் ராக்கெட் எரிபொருளுக்குக் கேடு.

டிமார்ஃபோஸ் அளவுள்ள கல் நிஜமாகவே நம்மை நோக்கி வந்து, டார்ட் மாதிரி ஒரே ஒன்றைப் பத்து வருடம் முன்பு அனுப்பியிருந்தால், கிடைப்பது 2,500 கிலோமீட்டர்தான். பூமியின் ஓரத்தில் உரசப் போகிற கல் என்றால் தப்பலாம். நெஞ்சுக்கு நேராக வருகிற கல் என்றால் போதாது, குறைந்தது மூன்று அனுப்ப வேண்டும். வெற்றி வெற்றி என்று கொண்டாடியபோது இதை யாரும் சொல்லவில்லை என்பது என் மனத்தாங்கல்.


#9 சரளைக்கல்

ஐயா, கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2.7 மில்லிமீட்டரில் விண்கலம் கொடுத்த நேரடி உந்தம் சிறு பங்குதான். மோதியதும் சிதறிப் பின்னால் பாய்ந்த கல்லும் தூசியும் ராக்கெட் மாதிரி உதைத்ததில் மொத்த உந்தம் 3.6 மடங்கு வரை ஆனது. அதனால்தான் மாற்றம் 33 நிமிடம் வரை போனது. கல் கெட்டியாக இருந்தால் இந்த உதைப்பு குறையலாம், பொலபொலவென்று இருந்தால் எப்படி என்று தெரியாது. ஒரு கல்லில் கிடைத்த எண்ணை எல்லாக் கல்லுக்கும் பொருத்த முடியாது. நீங்கள் 2,500 என்று அறுதியிட்டதும் அதே பிழைதான்.

அங்கே உண்டானது பள்ளமா, அல்லது கல்லின் வடிவமே மாறிவிட்டதா என்று பார்க்கத்தான் ஐரோப்பாவின் ஹேரா விண்கலம் 2024 அக்டோபர் 7-ல் கிளம்பியது. 2026 கடைசியில் போய்ச் சேரும். டிமார்ஃபோஸின் எடையைச் சரியாக அளந்தால்தான் அந்த 3.6 உறுதியாகும்.


#10 கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். "ஏறத்தாழ" போட்டிருக்க வேண்டும்.


#11 தூசுவால்

எல்லாரும் சிறுகோளையே பேசுகிறீர்கள். வால்நட்சத்திரத்தை மறந்துவிட்டீர்களே. அவற்றால் வரும் ஆபத்து மொத்தத்தில் சிறு பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடம் முன்பே தட்டுவது என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

சைடிங் ஸ்பிரிங் வால்நட்சத்திரத்தை 2013 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். 2014 அக்டோபர் 19 அன்று செவ்வாய்க் கோளை 1,40,000 கிலோமீட்டரில் கடந்தது. நமக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். வேகம் விநாடிக்கு 56 கிலோமீட்டர். கண்டுபிடித்ததிலிருந்து சந்திப்பு வரை இரண்டு வருடம்கூட இல்லை. செவ்வாயைச் சுற்றிய விண்கலங்களைத் தூசு படாமல் கோளுக்குப் பின்னால் ஒளித்து வைக்கத்தான் அவகாசம் இருந்தது. 2020-ல் வெறும் கண்ணுக்கே தெரிந்த நியோவைஸ் இன்னும் மோசம். மார்ச் 27-ல் கண்டுபிடிப்பு, ஜூலை 3-ல் சூரியனுக்கு மிக அருகே. உட்கரு ஐந்து கிலோமீட்டர். அது வேறு பாதையில் வந்ததால் மொட்டைமாடியில் நின்று ரசித்தோம்.

மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க 1994 ஜூலையில் வியாழன் கோளில் நடந்ததே போதும். ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரம், இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக, ரயில்பெட்டி மாதிரி வரிசையாகப் போய் ஒரு வாரம் முழுக்க விழுந்தது. விழுந்த இடங்களில் உண்டான கரும்புள்ளிகளில் சில பூமியைவிடப் பெரியவை. சின்னத் தொலைநோக்கியிலேயே தெரிந்தன.

இதற்கு ஒரே வழி, கல்லைக் கண்டுபிடித்த பிறகு விண்கலம் கட்ட ஆரம்பிக்காமல் முன்கூட்டியே கட்டி நிறுத்தி வைப்பது. ஐரோப்பாவின் காமெட் இன்டர்செப்டர் அந்த மாதிரிதான்: போகும் இடம் தெரியாமலே அனுப்பிக் காத்திருக்க வைப்பார்கள். அதுவும் ஆராய்ச்சிக்கு, தடுப்பதற்கு இல்லை.


#12 சந்தேகி

தூசுவால் வந்தாலே தூக்கம் போய்விடும்.

நிஜமாகவே கேட்கிறேன், இது கிண்டல் இல்லை. ஒய்.ஆர்.4 விழலாம் என்று காட்டிய கோடு கிழக்கு பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல், தெற்காசியா என்று நீண்டது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரி கல்லைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால், விழும் இடம் அந்தக் கோட்டிலேயே நகரும். பாதித் தள்ளலில் விண்கலம் பழுதானால்? ஒரு நாட்டில் விழ வேண்டியது இன்னொரு நாட்டில் விழும். தள்ளியவன் மேல் பழி. தள்ளாமல் விட்டவன் மேல் பழி இல்லை, ஏனென்றால் அது இயற்கை. இந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகும்?


#13 சரளைக்கல்

சந்தேகி இந்த இழையில் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். ஆலோசனைக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லும், யாருக்கும் உத்தரவு போடாது. கல்லைத் தள்ள வசதியுள்ள நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோட்டில் இருக்கும் நாடுகளில் பல அந்தப் பட்டியலில் இல்லை. விண்வெளிப் பொருளால் நேரும் சேதத்துக்கு ஏவிய நாடு பொறுப்பு என்று 1972 ஒப்பந்தம் சொல்கிறது, ஆனால் அது எழுதப்பட்டபோது மனதில் இருந்தவை கீழே விழும் ராக்கெட் துண்டுகள். விண்கலம் தட்டிவிட்ட கல் அதில் சேருமா என்பதற்கு இதுவரை தீர்ப்பே இல்லை.

இதனால்தான் மெதுவாக இழுக்கும் யோசனை எனக்குப் பிடிக்கும். கனமான விண்கலம் ஒன்று கல்லுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் நின்றால், அதன் ஈர்ப்பே கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். கயிறும் வேண்டாம், இடியும் வேண்டாம். முதலில் மோதிவிட்டு, மிச்சம் மீதியைச் சரிசெய்ய இதை அனுப்பலாம். ஆனால் அதற்கும் வருடங்கள் வேண்டும்.


#14 கண்ணாடிக்கடை

நான் உங்கள் அளவுக்குப் படித்தவன் இல்லை. ஜன்னல் கண்ணாடி பொருத்துகிற வேலை. அதனால் செல்யாபின்ஸ்க் பற்றி மட்டும் நிறையப் படித்தேன்.

அந்தக் கல் 30 கிலோமீட்டர் உயரத்திலேயே வெடித்துவிட்டது. சுமார் 1,500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவரும் சாகவில்லை. காயங்களில் பெரும்பகுதி கண்ணாடியால் வந்தது. ஏன் தெரியுமா? ஒளி உடனே வந்துவிட்டது. அதிர்ச்சி அலை வர இரண்டு நிமிடம் போல ஆனது. அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாரும் என்ன செய்தார்கள்? "என்னடா அது வெளிச்சம்" என்று ஜன்னலுக்கு ஓடி, மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகப் பாயும், சூடுபடுத்திப் பதப்படுத்திய கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டும். ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர் பிள்ளைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார். அவர்களுக்குக் கீறல்கூட இல்லை, நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் கையில் வெட்டு.

வானத்தில் சூரியனைவிடப் பளிச்சென்று ஒன்று போனால் ஜன்னலை விட்டு ஓடு, ஐந்து நிமிடம் குனிந்து இரு. இதைச் சொல்ல ராக்கெட் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.


#15 இரவுவானம்

கண்ணாடிக்கடை அண்ணா, உங்கள் பதிவைத்தான் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

சின்னக் கல் விஷயத்தில் உண்மையிலேயே கைகொடுப்பது இதுதான். 2021-ல் நிபுணர்கள் ஒரு ஒத்திகை நடத்தினார்கள். கற்பனைக் கல், ஆறு மாத அவகாசம், மத்திய ஐரோப்பாவில் விழுகிறது. எல்லா வழியையும் அலசிவிட்டு, இந்த அவகாசத்தில் விண்வெளியில் ஒன்றும் செய்ய முடியாது, ஊரைக் காலி செய்வதுதான் வழி என்று முடித்தார்கள்.

காலி செய்யவாவது முன்னறிவிப்பு வேண்டுமே. அது மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2008 அக்டோபரில் முதன்முறையாக ஒரு கல்லை விழுவதற்கு முன்பே பிடித்தார்கள்: நான்கு மீட்டர், 19 மணி நேர அவகாசம், சொன்னபடியே சூடான் பாலைவனத்துக்கு மேலே வெடித்தது. 2023 பிப்ரவரியில் பிரான்சின் நார்மண்டி மேல் விழுந்தது ஒரு மீட்டர்தான், ஏழு மணி நேரம் முன்பே தெரிந்தது. கண்டுபிடித்தவர் ஹங்கேரியின் கிறிஸ்டியான் ஷார்னெட்ஸ்கி. 2024 ஜனவரியில் பெர்லின் பக்கம் விழுந்ததையும் அவரே பிடித்தார், மூன்று மணி நேரம் முன்பு.

நிலவரம் இதுதான். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. எதுவும் நம் வழியில் இல்லை. 140 மீட்டருக்கு மேல் சுமார் 25,000 இருக்கும் என்று மதிப்பீடு. அவற்றில் 90 சதவீதத்தை 2020-க்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2005-ல் சட்டமே போட்டது. கெடு போய்விட்டது, இன்னும் பாதியைக்கூடத் தொடவில்லை. டார்ட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பாதிதான். தட்டத் தெரிந்துவிட்டது, யாரைத் தட்டுவது என்றுதான் தெரியவில்லை.


#16 சந்தேகி

பட்ஜெட் என்று முதலில் எழுதியதை வாபஸ் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.


#17 மேசைவிளக்கு

எல்லாருக்கும் நன்றி. மகளின் கேள்விக்கு இப்போது கொஞ்சம் பதில் சொல்ல முடிகிறது. கயிறு தீப்பெட்டி அளவுக்கே வந்துவிட்டால், அது எத்தனை வருடம் முன்னால் வந்தது என்பதைப் பொறுத்துத் தட்டலாம், அல்லது ஊரைக் காலி செய்யலாம் என்றேன். "தூசுவால் அங்கிள் சொன்னது வந்தா?" என்றாள். பேச்சை மாற்றினேன்.

அக்கா சொன்ன மென்பொருளைப் போட்டு, பழைய பயிற்சிப் படங்கள் ஒரு தொகுப்பு இறக்கினோம். நேற்று ராத்திரி பதினொன்றரை வரைக்கும் இருவரும் ஒரே திரையைப் பார்த்துக் கண் சிவந்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது, இடது கீழ் மூலையில் ஒன்றை அவள் பிடித்துவிட்டாள். நான்கு படத்திலும் இருக்கிறது. நேர்கோடுதான். மூன்றாவது படத்தில் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. வெளிச்ச வரைபடத்தை இணைத்திருக்கிறேன். அவள் பள்ளிக்குப் போகும்போது "பதில் வந்துச்சான்னு சாயந்திரம் சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.


#18 இரவுவானம்

பார்த்தேன். முதல், இரண்டாம், நான்காம் படங்களில் மணல்மேடு சரியாக இருக்கிறது, நிஜக் கல்தான். மூன்றாவதில் அது ஒரு மங்கலான நட்சத்திரத்தின் மேலேயே நிற்கிறது, அதனால்தான் பளிச். பயிற்சித் தொகுப்பு என்பதால் ஏற்கெனவே பெயர் வைத்த கல்லாகத்தான் இருக்கும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுவது. ஆனால் நட்சத்திரத்தின் மேல் நின்ற புள்ளியை நான் முதல் வருடம் முழுக்கத் தவறவிட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லுங்கள். அடுத்த தேடல் சுற்றுக்குப் பெயர் கொடுக்க அவள் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் வேண்டும்.